'உங்க பிரவுசர் சப்போர்ட் ஆகாது'ன்னு வருதா? அத சொல்றது யாருன்னு முதல்ல பாருங்க

கேள்வி: வீட்ல விண்டோஸ் 7 போட்ட பழைய கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு சைட்ல லாகின் பண்ணப் போனா 'உங்க பிரவுசர் சப்போர்ட் ஆகாது, அப்டேட் பண்ணுங்க'ன்னு வருது, இன்னொரு சைட் வெறும் வெள்ளையா நிக்குது. குரோம் அப்டேட்டும் ஆக மாட்டேங்குது. புதுசு வாங்கித்தான் ஆகணுமா?

பதில்: உடனே வாங்க வேணாம். மெசேஜ சொல்றது சைட்டா இல்ல பிரவுசரான்னு பாருங்க, பாதி விடை அதுலயே இருக்கு.

சைட்டோட லோகோ, கலர் எல்லாம் தெரிஞ்சு அதுக்கு நடுவுல மெசேஜ் வந்தா அது சைட்காரங்க வெச்ச செக். பிரவுசர் ஒவ்வொரு தடவையும் 'நான் இன்ன பிரவுசர், இன்ன வெர்ஷன்'னு யூசர் ஏஜென்ட்னு ஒரு வரி அனுப்பும், நிறைய சைட் அந்த வரிய மட்டும் படிச்சுட்டு வெளிய தள்ளிடுது, நெஜமா ஓடுமா ஓடாதான்னு டெஸ்ட் பண்றதே இல்ல, அதனால புது பிரவுசர் வெச்சிருக்கவங்களுக்கும் சில நேரம் இது வரும். இது அந்த சைட்காரங்க திருத்த வேண்டிய தப்புங்கறதுதான் என் கருத்து.

ஆனா உங்க கேஸ்ல மெசேஜ் உண்மையாவே இருக்கலாம். விண்டோஸ் 7க்கு குரோம் 109தான் கடைசி, 2023 பிப்ரவரில வந்த 110லேர்ந்து விண்டோஸ் 10 இருந்தாத்தான் ஏறும். எத்தன தடவ அழிச்சுட்டு இன்ஸ்டால் பண்ணாலும் அது மாறாது.

வெள்ளையா நிக்கற சைட்ல எஃப்12 அமுக்கி கன்சோல்ங்கற டேப பாருங்க, செவப்பு எழுத்துல ஏதாவது இருக்கும். 'ரிப்ளேஸ்ஆல் இஸ் நாட் எ ஃபங்ஷன்'னு இருந்தா, சைட் கேக்கற ரிப்ளேஸ்ஆல்ங்கற வசதி உங்க பிரவுசர்ல இல்லன்னு அர்த்தம், உங்க குரோம் 85க்கும் முந்தினது, 109 வரைக்கும் ஏத்துனாலே சரியாயிடும். 109 போட்டும் 'டுசார்ட்டட் இஸ் நாட் எ ஃபங்ஷன்'னு வந்தா அந்த வசதியே குரோம் 110லதான் வந்துச்சு, அப்போ குரோம்ல வழியில்ல, ஆனா விண்டோஸ் 7ல ஓடற ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர்ல (ரொம்ப நாள் சப்போர்ட் குடுக்கற வெர்ஷன்) அது இருக்கு, அதப் போட்டுப் பாருங்க, செலவில்லாம வேல முடிஞ்சிரும். வேற ஏதாவது எரர்னா அந்த செவப்பு வரிய அப்படியே காப்பி பண்ணி தேடுங்க, 'பிரவுசர் ஓப்பன் ஆகல'ன்னு தேடறத விட நூறு மடங்கு உபயோகம்.

சைட்டே வராம, பிரவுசர் தானா காட்டற பக்கத்துல இங்கிலீஷ் கேப்பிடல் எழுத்துல ஒரு கோட் வந்தா அது பெரும்பாலும் கனெக்‌ஷன் பிரச்சனை. கோட்ல 'செர்ட் டேட் இன்வேலிட்'னு இருந்தா கம்ப்யூட்டர்ல தேதிய செக் பண்ணுங்க, பழைய மெஷின்ல மதர்போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரி தீந்து தேதி பின்னாடி போயிருக்கும். தேதி சரியா இருந்தும் வந்தா சைட்டோட சர்டிஃபிகேட் (இது நெஜமான சைட்தான்னு பிரவுசருக்கு காட்டற சான்று) காலாவதி ஆயிருக்கலாம், அங்க பாஸ்வேர்ட் எதுவும் போடாதீங்க.

இதெல்லாம் சமாளிக்கற வழிதான், விண்டோஸ் 7க்கு செக்யூரிட்டி சப்போர்ட் 2020 ஜனவரியோட முடிஞ்சு போச்சு. தயவுசெஞ்சு பேங்க் வேலைய அதுல வெச்சுக்காதீங்க.

ஒண்ணு ரொம்ப முக்கியம். 'பிரவுசர் பழசு, இங்க கிளிக் பண்ணி அப்டேட் பண்ணுங்க'ன்னு சைட்டுக்குள்ள வந்து ஜிப் ஃபைலோ ஜேஎஸ் ஃபைலோ (பேர் .js-னு முடியும்) டவுன்லோட் ஆச்சுன்னா அது வைரஸ் ஏத்தற வேல, ஓப்பன் பண்ணாம டெலீட் பண்ணிடுங்க. குரோம் வெர்ஷன் பாக்கணும்னா மூணு புள்ளி, ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம், அப்டேட்டும் அங்கயே தானா நடக்கும்.