தீவனப்புல் ரகத் தேர்வு: வாசகர் கேள்வி – பதில்

பெகு (பர்மா) வாசகர்: எங்கள் ஊரில் கறவை மாடு வைத்திருப்பவர்களை ஆய்வாளர்கள் கூப்பிட்டு, "நான்கு தீவனப்புல் ரகம் தருகிறோம், உங்கள் நிலத்தில் வளர்த்து எது தேறுகிறது என்று சொல்லுங்கள்" என்கிறார்கள். நெல்லும் உளுந்தும் போக மிச்ச இடம் கொஞ்சம்தான். இடம் கொடுக்கலாமா? வீண்போகாமல் எப்படிச் செய்வது?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். உரமும் பாசனமும் குறைவில்லாத ஆய்வுப் பண்ணையில் முதலிடம் வாங்கிய புல், உங்கள் களிமண்ணில் மழைக்காலத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிப் போகலாம். கம்பும் நேப்பியர் புல்லும் கலந்த கம்பு நேப்பியருக்கு அந்தத் தொல்லை நிச்சயம் உண்டு. முலாட்டோ 2 என்ற கலப்பினப் புல்லும் தண்ணீர் நின்றால் தாங்காது. ஆகவே தருகிற நான்கில் ஒன்றாவது ஈரம் தாங்கும் இனமாக இருக்கட்டும் என்று முதலிலேயே கேளுங்கள். நீர்ப்புல், தாய்லாந்தில் வெளியிட்ட உபோன் பாஸ்பாலம் இரண்டும் அப்படிப்பட்டவை.

4 மீட்டருக்கு 4 மீட்டர் பாத்தி போதும். நான்கு ரகம், ஒவ்வொன்றும் மூன்று இடத்தில், ஆக 12 பாத்தி. நடைபாதையோடு சுமார் 10 சென்ட் பிடிக்கும். நிலத்தின் மேட்டில் ஒரு செட், நடுவில் ஒரு செட், பள்ளத்தில் ஒரு செட் என்று பிரித்து, ஒவ்வொரு செட்டிலும் நான்கு ரகமும் வரும்படி சீட்டுக் குலுக்கி இடம் ஒதுக்குங்கள். பிடித்த ரகத்துக்கு நல்ல மண்ணைக் கொடுப்பது மனித சுபாவம், அதைத் தடுக்கத்தான் இந்தச் சீட்டு. நேப்பியர் ஆளுயரம் வளர்ந்து பக்கத்துக் குட்டைப் புல்லின் வெயிலை மறைக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே 2 மீட்டராவது விடுங்கள்.

நேப்பியர் கரணைகள் (நடுவதற்கான தண்டுத் துண்டுகள்) வெட்டிப் போட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரகம் கலந்துபோவது பெரும்பாலும் நடவு நாளன்றுதான். ஒரு ரகத்தை நட்டு முடித்த பிறகே அடுத்த மூட்டையை அவிழுங்கள். மூங்கில் குச்சியில் எழுதிய மை ஆடி மழையில் அழிந்துவிடும், பாத்தி வரைபடம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். உரத்தை, ஆய்வாளர் சொல்லும் அளவில் இல்லாமல், நீங்கள் வழக்கமாகப் போடும் அளவிலேயே போடுங்கள், ஆனால் பாத்திக்குப் பாத்தி எடை போட்டு ஒரே அளவாக.

புல் நன்றாக வேர்பிடித்ததும் எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் சமமாக வெட்டிவிடுங்கள், இது கணக்கில் சேராது. பிறகு 45 நாளுக்கு ஒரு வெட்டு. பனி காய்ந்த பிறகு வெட்டுங்கள், ஈரம் எடையைக் கூட்டிக் காட்டும். சுற்றிலும் அரை மீட்டர் ஓரத்தைத் தள்ளி, நடுவிலுள்ள 9 சதுர மீட்டரை மட்டும் நிறுங்கள். ஓரத்துத் தூர்களுக்கு வெளிச்சம் அதிகம் என்பதால் அவை பொய் சொல்லும்.

பச்சை எடையோடு நிறுத்திவிடாதீர்கள். வெட்டிய உடனே அரைக் கிலோ எடுத்து, பொடியாக நறுக்கி, தார்ப்பாயில் வெயிலில் காயவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை நிறுத்தும் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு ரகம் 45 கிலோ வந்து அதில் உலர்பொருள் (நீர் போக மிஞ்சுவது) நூற்றுக்கு 18 என்றால் மாட்டுக்குக் கிடைப்பது 8.1 கிலோ. இன்னொன்று 36 கிலோதான், உலர்பொருள் 25 என்றால் 9 கிலோ. சுமை குறைவு, தீனி அதிகம். வீசை என்ற நம் ஊர் எடையில் நிறுத்தாலும் இதே கணக்குதான், ஒரு ரகத்தை வீசையிலும் மற்றதைக் கிலோவிலும் எழுதிக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

மழைக்காலத்தில் எந்தப் புல்லும் தழைக்கும். மார்ச், ஏப்ரலில் எந்தப் பாத்தி பச்சையாக நிற்கிறதோ அதுதான் உங்களுக்கான ரகம் என்பது எங்கள் கருத்து. ஒரே ஒரு மழைக்காலம் பார்த்து முடிவு கேட்டால் சொல்லாதீர்கள். வெட்டுகிறவரிடமும் கேட்டு எழுதுங்கள். இலைச் சுணை கையை அறுக்கிறதா, அரிவாளுக்கு வளைகிறதா என்பது எந்தத் தராசிலும் வராது. அந்த ஒரு காரணத்துக்காகவே கைவிடப்படும் புல்லும் உண்டு.

தொங்குவா வாசகர்: கம்பு நேப்பியரில் கதிர் வருகிறது, விதை முளைப்பதில்லை. முலாட்டோவில் மட்டும் விதை எடுக்கலாம் என்கிறார்களே, ஏன்? நாங்களே ஒட்டுக் கட்ட (இரண்டு இனத்தைக் கலந்து புது ரகம் உண்டாக்க) முடியாதா?

பதில்: கம்புக்குக் குரோமோசோம் 14, நேப்பியருக்கு 28. இரண்டும் சேர்ந்த ஒட்டில் 21. அது ஒற்றைப்படை, சரிபாதியாகப் பிரியாது, அதனால் விதை மலடு. இரண்டு கணுக் கரணைதான் வழி. முலாட்டோ 2 வேறு வகை. அதன் விதை மகரந்தக் கலப்பில்லாமலே உண்டாவதால் பிள்ளை தாயைப் போலவே இருக்கும். புது விதை சில மாதம் உறங்கும், அறுத்த கையோடு விதைத்து முளைக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள்.

இப்படி மகரந்தக் கலப்பினை ஏற்காத இனங்களில் ஒட்டுக் கட்ட, கலப்பினை ஏற்கும் தாய்ச்செடி வேண்டும். அது ஆய்வுக்கூட வேலை. உங்கள் வேலை அதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. ஒட்டுக் கட்டிய நாற்றுகளில் பெரும்பாலானவை உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே கழிக்கப்படுகின்றன. 60 நாள் வெட்டில் தேறியவற்றை மட்டும் பண்ணை வைத்துக்கொண்டால், உங்கள் 45 நாள் வெட்டுக்குப் பொருந்துவது குப்பைக்குப் போயிருக்கும். எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டுவீர்கள், எந்த மாதம் தீனி இல்லை, தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்று ஒட்டுக் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

தட்டோன் வாசகர்: புதுப்புல்லை மாடு மோந்துவிட்டு ஒதுக்குகிறது. ரகம் தோற்றதா?

பதில்: இன்னும் இல்லை. பழைய தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாள் பழக்குங்கள். பிறகு எல்லா ரகத்தையும் ஒரே அளவு நறுக்கி, ஒரே எடையில், தனித்தனித் தொட்டியில் வையுங்கள். தினமும் தொட்டி இடம் மாறட்டும், மாடு பழகின மூலைக்கே போகும். மிச்சத்தை நிறுத்துக் கழித்தால் விடை கிடைத்துவிடும். முற்றிய புல்லை வைத்துவிட்டு மாட்டின் மேல் பழி போடக்கூடாது.

பெகு வாசகர் (இன்னொருவர்): தீவனச் சோளத்தையும் சோதனையில் சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், தனிப் பாத்தியில். இளஞ்சோளத்திலும் வாடித் துளிர்த்த மறுதாம்பிலும் (வெட்டிய தூரில் மீண்டும் வளர்வது) சயனைடு நஞ்சு இருக்கும். பூக்கும் பருவத்துக்கு முன் மாட்டுக்குப் போடாதீர்கள். வெட்டிய தூரைப் பாத்தி ஓரத்தில் விட்டுப் போகவும் வேண்டாம்; அவிழ்த்துவிட்ட மாடு ஒன்று அதில் துளிர்த்ததைத் தின்றால் உயிருக்கே ஆபத்து.