கேள்வி – பதில்: மலிவு கண்டென்சர் மைக்கைத் தேற்றுவது எப்படி?

கேள்வி: பி.எம்.800 என்ற பெயரில் விற்கும் மைக் என்னிடம் இருக்கிறது. கனமான உடம்பு, பெரிய வலைத்தலை. ஆனால் குரல் மெலிந்து, பின்னணியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சலோடு பதிவாகிறது. எந்தப் பாகத்தை மாற்றினால் சரியாகும்?

பதில்: பாகம் வாங்குவதற்கு முன் மைக்கைத் திறந்து பாருங்கள். இந்தப் பெயரில் பலர் பல விதமாகச் செய்து விற்கிறார்கள், எனவே பெயரை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாது. ஃபேன்டம் பவரை (கேபிள் வழியாகவே மைக்குக்கு வரும் மின்சாரம்) அணைத்து, கேபிளைப் பிடுங்கி, இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். அடியில் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டை (மூன்று பின் கேபிள் மாட்டும் இடம்) சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். குழாயை உருவி எடுக்கலாம். வலைத்தலையைப் பெரும்பாலும் இரண்டு சிறு திருகாணிகள் பிடித்திருக்கும். எந்த நிற வயர் எங்கே போகிறது என்று அப்போதே படம் எடுத்து வையுங்கள். பிறகு நினைவை நம்ப வேண்டியிருக்காது.

உள்ளே இரண்டில் ஒன்று இருக்கும். 34 மி.மீ. அகலத்தில், தங்க நிறச் சவ்வும் நடுவில் ஒரு சிறு திருகாணியும் தெரிந்தால் அது வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து இயக்கும் உண்மையான கண்டென்சர் கேப்சூல் (ஒலியை மின் சிக்னலாக மாற்றும் பாகம்). சட்டை பட்டன் அளவில் ஓர் உலோக டப்பா மட்டும் இருந்தால் அது எலக்ட்ரெட். பெல் ஆய்வகத்தில் செஸ்லரும் வெஸ்டும் 1962இல் உருவாக்கிய வகை இது. மின்னூட்டம் உள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். எலக்ட்ரெட் என்பதாலேயே மட்டமானது என்று நினைக்காதீர்கள். உங்கள் மைக்கில் இரைச்சலுக்குக் காரணம் அதன் சிறிய பரப்பு. சவ்வு சிறிதாக இருந்தால் சிக்னலும் சிறிதாகவே வரும், ஆனால் அதைப் பெருக்கும் எஃப்.இ.டி. என்ற டிரான்சிஸ்டரின் இரைச்சல் குறையாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும்போதுதான் ‘ஸ்ஸ்ஸ்’ கேட்கிறது.

ஆகவே இந்த வகை மைக்கில் மாற்றத் தகுந்தது கேப்சூல் ஒன்றுதான். எஃப்.இ.டி. உள்ளேயே அமைந்த 25 மி.மீ. கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் வகை) எலக்ட்ரெட் கேப்சூல் வாங்குங்கள். எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வாங்குவதில் தடையில்லை, அறையும் அமைதியானது என்றால் ப்ரைமோ இ.எம்.272 போன்ற சிறிய கேப்சூலும் நல்ல தேர்வு. அதன் சுய இரைச்சல் சுமார் 14 டெசிபெல்தான். அளவில் சிறியதாக இருந்தும் இரைச்சல் குறைவாக இருப்பதற்கு அதன் வடிவமைப்பே காரணம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய கேப்சூலைக் கழற்றிய பின், மைக்குக்கு மின்சாரம் கொடுத்து, அந்த இரண்டு வயர்களுக்கு இடையே எத்தனை வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சுமை இல்லாதபோது காட்டும் அந்த அளவு, புதிய கேப்சூலுக்குச் சொல்லப்பட்ட உச்சவரம்பைத் தாண்டக்கூடாது. பல கேப்சூல்களுக்கு அந்த வரம்பு 10 வோல்ட். பின்புறம் தெரியும் இரண்டு முனைகளில் உலோக டப்பாவோடு இணைந்திருப்பது கிரவுண்ட். சால்டரிங் அயர்னை ஒரு முனையில் மூன்று நொடிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏறினால் எஃப்.இ.டி. போகலாம், எலக்ட்ரெட்டின் மின்னூட்டமும் குறைந்துவிடலாம். மின்னூட்டம் குறைந்த கேப்சூல் செத்துப்போகாது, மெலிந்து ஒலிக்கும். அதனால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதும் சிரமம்.

கடைசியாக ஒன்று: கார்டியாய்டு கேப்சூலின் முதுகில் உள்ள துளைகளை ஹாட் குளூ வைத்து அடைத்துவிடாதீர்கள். பின்னாலிருந்து வரும் ஒலி அந்தத் துளைகள் வழியாக நுழைந்து, சவ்வின் மறுபக்கத்தை அழுத்தித் தன்னையே ரத்து செய்துகொள்வதால்தான் திசைத்தன்மை கிடைக்கிறது. துளையை அடைத்தால் மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பித்துவிடும்.

கேள்வி: என் மைக்கில் 34 மி.மீ. கேப்சூல்தான் இருக்கிறது. இரைச்சலும் இல்லை. ஆனால் ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் காதைக் கிழிக்கிறது. ஈக்வலைசரில் குறைத்துக்கொண்டே இருப்பதா, உள்ளேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். மலிவு மைக்குகளில் செய்யத் தகுந்த வேலைகளிலேயே அதிகப் பலன் தருவது இதுதான்.

இந்த மைக்குகளில் பெரும்பாலும் இருப்பது கே67 என்ற கேப்சூலின் நகல். அசல் கே67 நாய்மன் நிறுவனத்தின் யு67 மைக்கிலும் (1960), பிறகு யு87 மைக்கிலும் (1967) வந்தது. அந்தக் கேப்சூலின் இயல்பே உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுப்பது. 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் பல டெசிபெல் மேடு இருக்கும். அந்த மேட்டை எதிர்ப் பின்னூட்டம் (வெளிவரும் சிக்னலில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே திருப்பிவிடுவது) மூலம் இறக்கிவிட்டுத்தான் நாய்மன் சர்க்யூட் ஒலியை வெளியே அனுப்பும். மலிவு மைக் செய்பவர்கள் கேப்சூலை நகலெடுத்தார்கள், சர்க்யூட்டை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஷோப்ஸ் என்ற மைக் நிறுவனத்தின் பாணியிலான, எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் கடத்தும் எளிய சர்க்யூட்டைப் போட்டார்கள். மேடு அப்படியே உங்கள் காதுக்கு வந்து சேர்கிறது.

திருத்தத்துக்கு ஒரே ஒரு கெப்பாசிட்டர் போதும். எஃப்.இ.டி.க்குக் கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால்கள். ஷோப்ஸ் பாணி சர்க்யூட்டில் அதன் ‘கேட்’ காலுக்குக் கேப்சூலின் சிக்னல் வரும். டிரெயின், சோர்ஸ் இரண்டிலிருந்தும் ஒன்றுக்கொன்று எதிரான சிக்னல்கள் கிளம்பி, ஆளுக்கொரு கப்ளிங் கெப்பாசிட்டர் வழியாக இரண்டு டிரான்சிஸ்டர்களுக்குப் போகும். உங்கள் போர்டில் இந்த அமைப்புதான் இருக்கிறதா என்று வழித்தடங்களைப் பின்தொடர்ந்து உறுதி செய்துகொண்டு, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 10 முதல் 22 நானோஃபேரட் வரையிலான கெப்பாசிட்டரைப் போடுங்கள். அதிர்வெண் ஏற ஏற இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமாகக் குறைவதால் பேலன்ஸ் கெடாது.

டிரெயின், சோர்ஸ் ரெசிஸ்டர்கள் தலா 2.4 கிலோ ஓம், எஃப்.இ.டி.யின் கடத்துதிறன் (கேட் மின்னழுத்தம் மாறும்போது மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) சுமார் 2 மில்லிசீமன்ஸ் என்று வைத்துக் கணக்கிட்டால், 10 நானோஃபேரட் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1 டெசிபெல் குறைக்கும், 15 நானோஃபேரட் 2 டெசிபெல், 22 நானோஃபேரட் மூன்றரை டெசிபெல்லுக்குச் சற்று மேல். அதிகக் கடத்துதிறன் உள்ள எஃப்.இ.டி. என்றால் இதே பலனுக்குப் பெரிய மதிப்பு தேவைப்படும். அதனால் முதலில் இரண்டு மெல்லிய வயர்களை மட்டும் சால்டர் செய்து வெளியே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மதிப்பாக மாட்டி, ஒரே வாசகத்தைப் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். ‘ச’ அடங்கியும் மூச்சொலி உயிரோடு இருக்கும் மதிப்பில் நிறுத்துங்கள். வயர் வெளியே நீண்டிருக்கும்வரை ‘ஹம்’ என்ற ரீங்காரம் கேட்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். போடும் கெப்பாசிட்டர் 63 வோல்ட் ஃபிலிம் அல்லது சி0ஜி செராமிக் வகையாக இருக்கட்டும். எக்ஸ்7ஆர் செராமிக்கின் மதிப்பு மின்னழுத்தத்தோடு மாறும், அதனால் சிதைவு சேரும்.

சால்டரிங் வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று வழி கே47 பாணிக் கேப்சூல். அதன் உச்ச அதிர்வெண் மேடு குறைவு, எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் கடத்தும் அந்த எளிய சர்க்யூட்டோடு நன்றாகப் பொருந்தும். நடுத் திருகாணிக்குக் கீழே உள்ள வளையத்தில்தான் வயர் இருக்க வேண்டும். கேப்சூல் மீது நேரடியாகச் சால்டர் செய்யவே கூடாது. சவ்வின் தடிமன் சில மைக்ரான்தான். ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை வழுக்கினால் கேப்சூல் அத்தோடு போயிற்று.

கேள்வி: வலைத்தலையைத் திருத்தினாலே ஒலி திறக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவுக்கு உண்மை. மலிவு மைக்குகளில் வெளியே ஒரு முரட்டு வலை, உள்ளே ஒன்றோ இரண்டோ நுண்வலை, அதற்குள் ஸ்பாஞ்ச் என்று அடுக்கியிருப்பார்கள். நெருக்கமான வலை ஒலியில் ஒரு பகுதியை உள்ளுக்குள்ளேயே திருப்பி அடிக்கும். அது நேர் ஒலியோடு கலந்து சில அதிர்வெண்களை எழுப்பி, சிலவற்றைக் குழிபறிக்கும். டப்பாவுக்குள் பேசுவது போன்ற ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். கேப்சூலைக் கழற்றிப் பத்திரப்படுத்திய பிறகு, உள் நுண்வலையை மூக்குக் குறடால் மெல்லப் பிரித்து எடுத்துவிடலாம். வெளிவலையைத் தொடாதீர்கள், மின் கவசமாக இருப்பது அதுதான். வெட்டிய கம்பித் துகள் ஒன்றுகூட உள்ளே விழக்கூடாது. சவ்வுக்கும் பின்தட்டுக்கும் நடுவே போய்ச் சேர்ந்தால் படபடவென்ற சத்தம் நிற்கவே நிற்காது. இதற்குப் பிறகு ‘ப’ காற்று நேராகச் சவ்வில் மோதும் என்பதால் பாப் ஃபில்டர் (வாய்க்கும் மைக்குக்கும் நடுவே வைக்கும் திரை) கட்டாயம்.

குழாயை விரலால் சுண்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் உட்சுவரில் ப்யூட்டைல் டேப் ஒரு பட்டை ஒட்டுங்கள். அது போர்டைத் தொடாமல் இருக்கட்டும்.

கேள்வி: எல்லாக் கெப்பாசிட்டர்களையும் ‘ஆடியோ கிரேடு’ ஆக்கினால் என்ன?

பதில்: பர்ஸ் மெலியும். சிக்னல் பாதையில் நேராக இருப்பவை மூன்றுதான்: கேப்சூலிலிருந்து கேட்டுக்குப் போவது ஒன்று, டிரெயின், சோர்ஸிலிருந்து கிளம்புபவை இரண்டு. அவை செராமிக்காக இருந்தால் அதே மதிப்பில் ஃபிலிம் போடலாம். வாங்கும் முன் கால்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள், பல ஃபிலிம் கெப்பாசிட்டர்கள் குழாய்க்குள் நுழையாது. எஃப்.இ.டி.யை மாற்றும் ஆசை வேண்டாம். ஒரே எண் போட்ட எஃப்.இ.டி.களே ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும், மாற்றினால் பயஸை (எஃப்.இ.டி. இயங்கும் அடிப்படை மின்நிலை) மீண்டும் அமைக்க வேண்டும். போர்டில் அதற்கான டிரிம்மர் (திருகிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டர்) இல்லையென்றால் கைவைக்காதீர்கள்.

கேள்வி: கெப்பாசிட்டர் மாற்றிய பிறகு நன்றாக இருந்தது. ஈரப்பதமான நாட்களில் மட்டும் வறுபடுவதுபோல் பொரிகிறது. கேப்சூல் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் கேப்சூல் நன்றாகவே இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள ரெசிஸ்டர்கள் 1 கிகா ஓம். அதாவது, நூறு கோடி ஓம். இவ்வளவு பெரிய மதிப்பு வைப்பதற்குக் காரணம், கேப்சூலின் கொள்ளளவு வெறும் 60 பிகோஃபேரட் அளவில் இருப்பதுதான். ரெசிஸ்டரைக் குறைத்தால் தாழ்ந்த ஒலி வெட்டுப்படும், இரைச்சலும் கூடும். அந்த மதிப்புக்கு எதிரே, சால்டரிங் ஃப்ளக்ஸின் (சால்டர் ஒட்ட உதவும் பசை) மிச்சமும் விரல் பிசுக்கும் நல்ல கடத்திகள். ஈரம் சேர்ந்ததும் அவற்றின் வழியே மின்சாரம் விட்டு விட்டுக் கசியும். உங்களுக்குக் கேட்பது அந்தக் கசிவுதான்.

கேப்சூலைக் கழற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மென்தூரிகையும் கொண்டு கேட் பகுதியை இருபுறமும் தேயுங்கள். அழுக்குக் கரைசல் அங்கேயே காய்ந்தால் பயனில்லை, புதிய ஆல்கஹால் ஊற்றி வடித்துவிடுங்கள். இதை இரண்டு முறை செய்து, இளஞ்சூட்டுக் காற்றில் முழுக்க உலர்த்துங்கள். அதன் பிறகு அந்தப் பகுதியை வெறும் விரலால் தொடாதீர்கள். கேட் வயரும், ரெசிஸ்டரும், உள்வரும் கெப்பாசிட்டரும் சேரும் முனையைப் போர்டிலிருந்து தூக்கி அந்தரத்தில் இணைப்பது இன்னும் உத்தமம், காற்றை விட நல்ல இன்சுலேட்டர் இங்கே தேவையில்லை. அந்த முனையில் மல்டிமீட்டர் வைத்து அளக்காதீர்கள். மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம்தான், அது காட்டும் எண் பொய்யாக இருக்கும்.

கேள்வி: மூடி மாட்டிய பிறகு ‘ஹம்’ வருகிறது.

பதில்: மைக்கின் உடம்பைக் கையால் பிடியுங்கள். ஹம் கூடினாலோ குறைந்தாலோ கவசம் கிரவுண்டோடு சேரவில்லை என்று பொருள். எக்ஸ்எல்ஆர் முதல் பின்னுக்கும் குழாய்க்கும், அதே பின்னுக்கும் வலைக்கும் இடையே ஒரு ஓமுக்குக் குறைவாக வர வேண்டும். வராவிட்டால் திருகு மரைகளில் படிந்த பெயின்ட்டைச் சுரண்டுங்கள். வழக்கமாக வேலை அத்தோடு முடியும்.

கேள்வி: திருத்தியது உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

பதில்: திருத்தாத அதே மாடல் ஒன்று கைவசம் இருந்தால் எளிது. இரண்டையும் அருகருகே, வாயிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் வைத்து ஒரே நேரத்தில் பதிவுசெய்யுங்கள். பிறகு இரண்டின் ஒலியளவையும் அரை டெசிபெல்லுக்குள் சமமாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் சோதனையே வீண், ஏனென்றால் சற்று உரக்க ஒலிப்பதைத்தான் காது எப்போதும் நல்லது என்று தேர்ந்தெடுக்கும். எது எது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மைக்தான் இருக்கிறது என்றால், வேலையைத் தொடங்கும் முன்பே ஒலிபெருக்கியில் ஒரு பதிவை ஓட்டி, மைக்கின் இடத்தைத் தரையில் குறித்து வைத்துப் பதிவெடுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே அளவில் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டிலுமே குரல் குகைக்குள் இருப்பதுபோல் கேட்டால் மைக்கை மூடிவிடுங்கள். அது அறையின் எதிரொலி, சால்டரிங் அயர்னுக்கு அங்கே வேலை இல்லை.