கடலடிச் சேற்றில் கண்ணாடிக் கூடுகள்: கேள்வி பதில்

ரேடியோலேரியா என்பது கடலில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர். கண்ணாடி செய்கிற அதே சிலிக்காவில் தனக்கு ஒரு கூடு கட்டிக்கொள்ளும். 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, மணவாளக்குறிச்சி கருமணலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கிடைக்குமா? (குளச்சல்)

கிடைக்காது தம்பி. அங்கே கறுப்பாகத் தெரிவது இல்மனைட், சிவப்பாகத் தெரிவது கார்னெட். மலைப்பாறை சிதைந்து வந்த மணல் அது. நம் குமரி மாவட்டத்துச் சார்னோகைட் பாறை பூமிக்குள் வெந்து உருவானது, அதில் புதைபடிவம் தேடிப் பயனில்லை. பார்த்தே ஆக வேண்டுமென்றால் அந்தமானுக்குப் போ. இந்தக் கூடுகள் படிந்த பழைய கடல்தரையே அங்கே மேலே ஏறிவந்து செர்ட் பாறையாக நிற்கிறது. செர்ட் நம் சிக்கிமுக்கிக் கல்லுக்குச் சொந்தக்காரன்.

நாங்க போற ஆழக்கடல்ல இது உண்டா? வலையில பட்டதே இல்லையே. (தூத்தூர்)

உண்டு அண்ணே. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான் இருக்கும், எந்த வலையில் நிற்கும்? தென்மேற்குப் பருவக்காற்றில் அடித்தண்ணீர் குளிர்ச்சியாக மேலே பொங்கி வருவது உங்களுக்குத் தெரியாததா! அப்படிப் பொங்கும் இடத்தில் சில இனங்கள் பெருகும். அரபிக்கடல் சேற்றில் அவற்றை எண்ணித்தான் அந்தக் காலத்துப் பருவக்காற்று எவ்வளவு பலமாக வீசியது என்று கணிக்கிறார்கள்.

சிப்பி, பவளம் எல்லாம் இருக்கும்போது இதற்கு ஏன் இவ்வளவு மவுசு? (தக்கலை, ஆசிரியர்)

நல்ல கேள்வி சார். சிப்பி சுண்ணாம்பு. ஏறக்குறைய 4, 5 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே குளிரும் அழுத்தமும் கரியமில வாயுவும் சேர்ந்து சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அங்கே மிஞ்சுவது சிலிக்காக் கூடுதான். அதுவும் பெரும்பாலும் வழியிலேயே கரைந்துவிடும். கூட்டைத் தின்ற குட்டி உயிர்களின் எச்சத்தோடு வேகமாகக் கீழே விழுபவை தப்பிக்கும். பழங்கடலின் வரலாறு எச்சத்தால் பிழைத்திருக்கிறது, என்ன செய்ய!

ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று அது படிந்து, இறுகி, செர்ட் ஆகிறது. லடாக்கில் அப்படிப்பட்ட செர்ட் கிடைக்கிறது. இமயமலை எழும்பும் முன் அங்கே டெதிஸ் என்ற ஆழ்கடல் கிடந்ததற்கு அது சாட்சி. இனங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால், கூட்டின் வடிவத்தை வைத்தே பாறையின் வயதையும் சொல்லலாம். ஜப்பானில் இன்னொரு விஷயம்: 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் உயிரினங்களின் பேரழிவு நடந்த கட்டத்தில் செர்ட் அடுக்கு அறுந்து கருங்களிமண் வருகிறது. கூடு கட்ட ஆளில்லை.

கல்லிலிருந்து நாமே பிரித்தெடுக்கலாமா? (மார்த்தாண்டம்)

வேண்டவே வேண்டாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். கண்ணாடியையே தின்னும் என்பதால் பிளாஸ்டிக்கில்தான் வைப்பார்கள். தோலில் பட்டால் எலும்புவரை போகும். கூடும் சிலிக்கா, கல்லும் சிலிக்கா என்பதால் நன்றாக நீர்த்த அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்க வேண்டும். ஆய்வகத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

படத்தைப் பார்த்தால் கம்பிக்கோலம் மாதிரி இருக்கே, யாராவது இட்டுக்கட்டி வரைந்ததா? (நாகர்கோவில்)

இல்லைம்மா, நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கடல் ஆய்வுக் கப்பல் அள்ளிவந்த சேற்றிலிருந்து ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட புது இனங்களை 1887இல் விவரித்து, படமும் போட்டார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியின் நுழைவாயிலையே கட்டிடக் கலைஞர் ரெனே பினே கட்டினார்.