நால்வர் குழுவுக்கு மைக்ரோசர்வீஸ் தேவையா?

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் நான்கு பேராக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் வட்டாரத்துத் துணி, மளிகை மொத்த வணிகர்களுக்குச் சரக்கிருப்பும் பில்லும் பார்க்கும் செயலி எங்களுடையது. பைத்தான் மொழியின் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதிய ஒரே செயலி. ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மாத விற்பனை அறிக்கை திறக்க அரை நிமிடம் ஆகிறது. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் பதில் தரத் தாமதித்தால் கடைக்காரரின் பில் திரையும் நின்றுவிடுகிறது. செயலியை மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது வலையமைப்பு வழியே பேசிக்கொள்ளும் தனித்தனிச் சிறு சேவைகளாகப் பிரித்து, அத்தகைய சேவைகளைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ஏற்றிவிடலாம் என்கிறார் எங்களில் ஒருவர். செய்யலாமா? அறிக்கைக்கான நிரலை இணைத்துள்ளேன்.

பதில்: இப்போது பிரிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. செயலி ஒன்றாக இருப்பது இரண்டுக்குமே காரணம் அன்று.

முதலில் அறிக்கை. உங்கள் நிரலில், பில் உருவான நேரத்தைத் தேதியாகவும் மாதமாகவும் மாற்றி ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (வேண்டிய வரிசைகளை விரைவாகக் கண்டெடுக்க உதவும் பட்டியல்) இருக்கிறது. ஆனால் ஜாங்கோ ஒவ்வொரு வரிசையின் நேரத்தையும் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து மாதத்தைப் பிரித்தெடுத்த பிறகே ஒப்பிடும்படி தரவுத்தளத்துக்கான வினவலை எழுதுவதால், போஸ்ட்கிரெஸ் அந்த இண்டெக்ஸைப் பயன்படுத்த முடியாமல் அட்டவணை முழுவதையும் படிக்கிறது. வினவலுக்கு முன்னால் 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அட்டவணை முழுவதும் படிக்கப்படுவதைக் குறிக்கும் 'சீக் ஸ்கேன்' என்ற சொல் கண்ணில் படும். மாதத்தின் முதல் நாள் நள்ளிரவு முதல் அடுத்த மாதத்தின் முதல் நாள் நள்ளிரவுக்கு முன்பு வரை என்று எல்லையிட்டு வினவலை மாற்றுங்கள். வணிகரின் எண்ணையும் நேரத்தையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸாக அமையுங்கள். கடைகள் திறந்திருக்கும் வேளையில் அதைச் சேர்ப்பதானால் 'கன்கரண்ட்லி' என்ற சொல்லையும் மறக்காமல் இடுங்கள். இல்லையேல் இண்டெக்ஸ் உருவாகி முடியும்வரை புதிய பில் எதுவும் பதிவாகாது.

அதே நிரலில் இன்னொன்றும் கண்டேன். பில்களை எடுத்த பிறகு, ஒவ்வொரு பில்லுக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். 400 பில்கள் இருந்தால் 401 வினவல்கள். வாடிக்கையாளர் விவரத்தையும் சேர்த்தே எடுக்கும் ஜாங்கோவின் 'செலக்ட் ரிலேட்டட்' சேர்த்தால் அது ஒன்றாகிவிடும். இதே நிரலை அப்படியே தனிச் சேவையாக்கியிருந்தால் அந்த 401 வினவல்களும் அங்கே போய் ஓடியிருக்கும், வேகம் கூடியிருக்காது.

இரண்டாவது குறையே வடிவமைப்பு சார்ந்தது. அதில் உங்கள் முழுக் கவனமும் வேண்டும். கடைக்காரர் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்திலேயே நீங்கள் மைஇன்வாய்ஸ் தளத்தை அழைத்து, பதில் வரும்வரை திரையைக் காக்க வைக்கிறீர்கள். அந்தத் தளமோ ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு ஓர் அடையாள எண்ணைத் தந்துவிட்டுச் சரிபார்ப்பைப் பிறகுதான் முடிக்கிறது. அதன் நிலையை நீங்கள்தான் மீண்டும் கேட்டறிய வேண்டும். சரிபார்க்கப்பட்ட பின் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யவும் இடமுண்டு. ஆகவே மின் விலைப்பட்டியல் என்பது பல நிலைகளைக் கடந்து செல்லும் ஆவணம். அதை ஒரே அழைப்பில் முடிகிற வேலையாகக் கருதி எழுதியதுதான் தவறு.

பில்லைப் பதியும் அதே டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத தரவுத்தளச் செயல்) 'அனுப்ப வேண்டியவை' என்ற அட்டவணையிலும் ஒரு வரிசை எழுதுங்கள். பில் பதிவானால் அதுவும் பதிவாகும், பில் நின்றால் அதுவும் நிற்கும். பின்னணியில் ஓடும் சிறு நிரல் ஒன்று அந்த வரிசைகளை எடுத்து அனுப்பட்டும். இரண்டு நிரல்கள் ஒரே வரிசையை எடுத்துவிடாதிருக்க 'ஸ்கிப் லாக்ட்' வசதி போஸ்ட்கிரெஸில் 2016 முதலே இருக்கிறது. ஆகவே காஃப்கா, ராபிட்எம்கியூ போன்ற தனிச் செய்தி வரிசை மென்பொருள்கள் இந்த அளவுக்குத் தேவையில்லை. ஆவணம் போய்ச் சேர்ந்து, அதைக் குறித்துக்கொள்ளும் முன் உங்கள் நிரல் நின்றுபோகவும் கூடும். எனவே மறுபடி அனுப்பும் முன் அந்த பில் எண் ஏற்கெனவே ஏற்கப்பட்டதா என்று கேட்டுப் பார்க்கும் வழியைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரே விற்பனைக்கு இரண்டு ஆவணங்கள் பதிவானால் அலைச்சல் வணிகருக்குத்தான்.

பிரிப்பதால் என்ன நேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே செயலிக்குள் ஒரு ஃபங்ஷனை அழைக்க ஒரு மைக்ரோ வினாடிகூட ஆகாது. ஒரே தரவு மையத்துக்குள் வலையமைப்பு வழியே போய் வர ஏறக்குறைய அரை மில்லி வினாடி ஆகும். ஒரு பில் போட ஐந்து சேவைகள் அடுத்தடுத்துப் பதில் தர வேண்டும், ஒவ்வொன்றும் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்று கொண்டால், மொத்தத்தில் கிடைப்பது 99.5 விழுக்காடு. ஒரே சேவையாக இருந்தபோது மாதத்துக்கு 43 நிமிடமாக இருந்த தடங்கல் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சரக்கிருப்பையும் பில்லையும் தனித்தனிச் சேவைகளாக, தனித்தனித் தரவுத்தளங்களுடன் பிரித்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை சரக்கு கழிந்தது, பில் பதிவாகவில்லை. கிடங்கில் இருந்த அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி, சனிக்கிழமை இரவு வரை கணக்கை நேர்செய்தோம். ஒரே தரவுத்தளத்தில் இருந்திருந்தால் ஒரு டிரான்ஸாக்ஷன் அதைத் தடுத்திருக்கும். உங்களிடம் இன்று அது இருக்கிறது. அதைக் கைவிட வேண்டாம் என்றே மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்த நிறுவனத்தின் தொடர்பு முறையையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். தனித்தனியாக வெளியிட்டாக வேண்டிய பல குழுக்கள் உள்ள இடத்தில் மைக்ரோசர்வீஸ் நல்ல ஏற்பாடு. ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நால்வருக்குச் செயலிக்கு உள்ளேயே சுவர்கள் போதும்: பில் பகுதி சரக்கிருப்பு அட்டவணைகளை நேரடியாகத் தொடாமல், சரக்கிருப்புப் பகுதி வெளியே காட்டும் சில ஃபங்ஷன்கள் வழியாக மட்டுமே கேட்க வேண்டும். இந்த விதியை மீறும் நிரலை 'இம்போர்ட் லின்டர்' என்ற கருவி சோதனையின்போதே பிடித்துத் தரும்.

சேவையகத்தைப் பொறுத்தவரை செயலியை டாக்கர் பெட்டகத்தில் ஓட்டும் ஒரு மெய்நிகர் கணினியும், பராமரிப்பை மேகச் சேவை நிறுவனமே கவனிக்கும் போஸ்ட்கிரெஸும் போதுமானவை. அமேசான் மேகச் சேவையின் மலேசிய மையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டதால் தரவை நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

பின்னாளில் ஏதேனும் ஒரு பகுதியைப் பிரித்தாக வேண்டிய நிலை வந்தால், மின் விலைப்பட்டியலை அனுப்பும் அந்தப் பின்னணி நிரலிலிருந்து தொடங்குங்கள். அது மற்றப் பகுதிகளோடு அந்த ஓர் அட்டவணை வழியாக மட்டுமே பேசுவதால், வேறு கணினிக்கு மாற்றும்போது பில் பகுதியில் ஒரு வரியையும் திருத்த வேண்டியிராது.