பவர் பத்திரம் உயிலுக்கு மாற்று ஆகாது

கேள்வி: மதுரையில் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வயது 67. வில்லாபுரத்தில் நானே கிரயம் வாங்கிய வீடும், மேலூர் அருகே தகப்பனார் வழியில் வந்த ஒரு ஏக்கர் நன்செய்யும் இருக்கின்றன. வருங்கால வைப்பு நிதியாக வந்த பணத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, மகளை நாமினியாகக் காட்டியிருக்கிறேன். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் உள்ளனர். மூத்த மகனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் உயில் தேவையில்லை என்று உறவினர் சொல்கிறார். அது சரியா?

பதில்: சரியன்று. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை உங்களுக்காக ஒருவர் செயல்படலாம் என்று தரும் அனுமதிதான் பவர் பத்திரம். உங்கள் மறைவோடு அதுவும் முடிந்துவிடும். பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. மறதி நோய் முற்றியோ வேறு காரணத்தாலோ எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டாலும், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி அந்த அதிகாரம் முடிவுக்கு வருகிறது. முதுமைக்கு உதவும் என்று எழுதி வைத்த பத்திரம், உதவி மிகவும் தேவைப்படும் வேளையில் பயன்படாமல் போகிறது. எனவே, அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கை உங்கள் மனைவியின் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கலாம் என்ற முறையில் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். வரி கட்டவும் குத்தகை வாங்கவும் மகனுக்கு அதிகாரம் வேண்டுமென்றால், அந்த வேலைகளை மட்டும் குறிப்பிட்டு, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமை தராமல் எழுதிக் கொடுங்கள்.

வங்கிப் பணத்தைப் பொறுத்தவரை, நாமினி அதைப் பெற்றுக்கொள்பவரே தவிர, நாமினி என்பதாலேயே அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நீங்கள் இந்துவாக இருந்து உயில் எழுதாமல் போனால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அது சமமாக நான்கு பங்காகும்; உங்கள் தாயார் அப்போது உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. மகளுக்கே முழுவதும் சேர வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், அதை உயிலில்தான் சொல்ல வேண்டும். மாதாந்திர ஓய்வூதியம் உயிலுக்கு உட்படாது. அதன் திட்ட விதிப்படி அது உங்கள் மனைவிக்குத் தனியே சேரும்.

நன்செய்யை எழுதுமுன் தாய்ப்பத்திரத்தை, அதாவது நிலம் யாரிடமிருந்து எப்படி வந்தது என்று காட்டும் மூலப்பத்திரத்தைப் பாருங்கள். உங்கள் தந்தை தாமே கிரயம் வாங்கி, 1956-க்குப் பிறகு காலமாகி, உங்களுக்குப் பங்காக வந்த நிலமென்றால் அது உங்கள் தனிச்சொத்து. பாட்டன் காலத்திலிருந்து பிரியாமல் வரும் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால், உங்கள் பங்குக்கு மட்டுமே நீங்கள் உயில் எழுத முடியும். அதில் மகளுக்கும் மகன்களைப் போலவே உரிமை உண்டு.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது உங்கள் மனைவியின் நிலையை. வில்லாபுரம் வீட்டை நேராகப் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டு, 'தாயாரை அவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. அந்த வரியை நிறைவேற்றிக்கொள்ள அவர் முதிர்ந்த வயதில் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். வீட்டை முழு உரிமையுடன் அவருக்கே எழுதுவது என் முதல் ஆலோசனை. அவருக்கு ஆயுள்கால அனுபவ உரிமையும் பிறகு பிள்ளைகளுக்கு உரிமையும் என்று எழுதுவதும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாக மனைவிக்குத் தரப்படும் அத்தகைய உரிமை, வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் முழு உரிமையாகிவிடக்கூடும் என்பதால், அந்த வாசகத்தை அனுபவமுள்ள வழக்கறிஞரைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். மகன்கள் செட்டில்மென்ட், அதாவது நீங்கள் இருக்கும்போதே சொத்தை அவர்கள் பெயருக்கு மாற்றித் தரும் பத்திரம் கேட்டால் அவசரப்பட வேண்டாம். உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவானபின் உங்கள் விருப்பப்படி எளிதாக ரத்து செய்ய முடியாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திட, குறைந்தது இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் உயிலை நிரூபிக்க, உயிரோடுள்ள சாட்சி ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரித்தாக வேண்டும் என்பதால், உங்களைவிட இளையவர்களை, சொத்தில் பங்கு பெறாதவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் உங்கள் மருத்துவராக இருந்தால் மனத்தெளிவு பற்றிய ஐயம் எழாது. பதிவு கட்டாயமில்லையென்றாலும், மூன்று பிள்ளைகள் உள்ள உங்கள் குடும்பத்துக்கு, சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, நகலை மனைவியிடம் கொடுத்து வைக்கும்படியே சொல்வேன்.