செஸ்ஸில் லண்டன் சிஸ்டம் ஆடினால் ஆப் ஏன் வேறு பெயர் காட்டுகிறது?

மகள் செஸ்ஸில் லண்டன் சிஸ்டம் என்ற தொடக்கத்தைத்தான் ஆடுகிறாள், செஸ் ஆப் ஒருநாள் 'குயின்ஸ் பான்', மறுநாள் 'இந்தியன்' என்கிறது, கோச் சொல்வது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பில்லை சார். கறுப்பு முதலில் சிப்பாயை டி5 கட்டத்தில் வைத்தால் 'குயின்ஸ் பான்', குதிரையை எஃப்6-இல் இறக்கினால் 'இந்தியன்'. மகள் கட்டுவது இரண்டிலும் அதேதான்: சிப்பாய் டி4, மந்திரி எஃப்4, அப்புறம் சிப்பாய்கள் இ3, சி3. எதிராளி எதை ஆடினாலும் ஏறக்குறைய இதே அமைப்பு வருவதால்தான் அது 'சிஸ்டம்'. சிசிலியன் என்ற தொடக்கம் அப்படியில்லை, வெள்ளையின் இ4-க்குக் கறுப்பு சி5 வைத்தால்தான் உண்டு.

லண்டன் என்ற பெயர் 1922-இல் அங்கே நடந்த போட்டியால் வந்தது.

ஒன்றை மட்டும் பாருங்கள்: மந்திரி வெளியே வருமுன் இ3 தள்ளினால் அவர் உள்ளேயே மாட்டிக்கொள்வார். அஸ்தம்பட்டியில் என்னிடம் வரும் பொடிசுகள் வாராவாரம் செய்வது இதைத்தான்.