‘தி மர்டர் அட் த விகரேஜ்’: நாவலைப் படிப்பதா, படத்தைப் பார்ப்பதா?

முதலில் நாவலைப் படித்துவிடுங்கள். 1930இல் வந்த இதுதான், துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள் வரும் அகதா கிறிஸ்டியின் முதல் நாவல். செயின்ட் மேரி மீட் கிராமத்துப் பாதிரியார் கிளெமென்ட்தான் கதைசொல்லி. ‘கர்னல் புரொதெரோவை யாராவது கொன்றால் உலகத்துக்கே நல்லது’ என்று சாப்பாட்டு மேஜையில் அவர் வாய்விட, அதே கர்னல் அவருடைய படிப்பறையிலேயே சுடப்பட்டுக் கிடக்கிறார். அந்த அறைக் கடிகாரத்தைப் பாதிரியார் எப்போதும் 15 நிமிடம் வேகமாக வைத்திருப்பார். போலீசுக்கு ஆரம்பத்தில் அது தெரியாது. இதற்கு மேல் சொன்னால் சுவை கெட்டுவிடும்.

பாதிரியாரின் அந்தக் கிண்டல் குரல்தான் நாவலின் உயிர். திரையில் கதை மார்ப்பிள் பக்கம் சாய்வதால் அது அடிபட்டுப்போகிறது. நாவலில் மார்ப்பிளும் சாதுவான பாட்டி இல்லை. தோட்டத்தில் நின்றபடியே ஊர்வம்பு முழுவதையும் அளப்பவர்.

அப்புறம் படங்கள். 1986 பிபிசி தொலைக்காட்சி வடிவத்தில் மார்ப்பிளாக ஜோன் ஹிக்சன். நிதானமானது, நாவலுக்கு நெருக்கமானது. 2004இல் ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் வடிவத்தில் ஜெரால்டின் மெக்யூவன். அதில் மார்ப்பிளுக்கு இளவயதில், ஏற்கெனவே திருமணமான ராணுவ வீரர் ஒருவருடன் காதல் என்று ஒரு கிளைக்கதையைச் சேர்த்திருக்கிறார்கள். நாவலில் அப்படி எதுவுமே கிடையாது. என் ஓட்டு ஹிக்சனுக்கே.